நம்பிக்கை இருந்தால்தான் தானம்

மூளைச்சாவு அடைந்தோரின் உடல் உறுப்புகளைத் தானமாகப் பெற்று நோயாளிகளுக்குப் பகிர்ந்தளிக்க, 2012-ல் 'மிருதசஞ்சீவனி' திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியது. திருவனந்தபுரத்தில் இருந்து இயங்கிய இத்திட்டத்தின் மூலம் 2015-ல் 76 பேரின் உறுப்புகள் தானமாகக் கிடைத்தன. 2018-ல் அந்த எண்ணிக்கை 8 ஆகச் சரிந்தது.

சரிவுக்கு முக்கியக் காரணம் அவநம்பிக்கை. உறுப்புகளுக்காகவே மூளைச்சாவு அறிவிக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு நீதிமன்றம் வரை சென்றது. மக்கள் அஞ்சினர், வழக்குக்கு அஞ்சி, சான்றளிக்க மருத்துவர்களும் தயங்கினர்.

சட்டத்தில் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே மூளைச்சாவு என்று சான்றளிக்க முடியும். ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வோர் குறைவு. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது, மகன் இறந்துவிட்டான் என்பதை எந்தத் தாய் எளிதில் ஏற்பாள்?

தானத்துக்குச் சம்மதம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மூளைச்சாவை ஒரே நடைமுறையில் உறுதி செய்ய வேண்டும். சோதனை முடிவுகளை உறவினர்களுக்கு எழுத்துபூர்வமாக அளிக்க வேண்டும். துயரில் இருப்போரிடம் பேச மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தேவை. தானம் கேட்பது அதற்குப் பிறகுதான். மருத்துவமனையையே சந்தேகிக்கும் குடும்பத்திடம் எந்த விளம்பரமும் பலிக்காது.