"நாங்க பி.ஜி. பண்ணும்போது தூங்கினதே இல்ல!"

இந்த வசனத்தைக் கேட்காத மருத்துவ மாணவர் இருக்க முடியாது. முதல் நாள் காலை டூட்டிக்கு வந்து, மறுநாள் மதியம் ரவுண்ட்ஸில் கண் சொருக நிற்கும் பி.ஜி. மாணவரிடம் யூனிட் சீஃப் சொல்வது. குரலில் ஒரு பெருமை வேறு!

இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போவோம். மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகல் பாராமல் அறுவை சிகிச்சை கற்கும் ரெசிடென்சி முறையை 1889 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவாக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கோகெயினைத் தன் உடம்பிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர், பிறகு மார்ஃபினுக்கும். அவர் வகுத்த முறையைப் பாடமாக எடுத்துக்கொண்ட நாம், அவர் பட்ட பாட்டை மறந்துவிட்டோம்.

சரி, சட்டம் போட்டால் தீராதா? 1984-ல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண், மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். பயிற்சி மருத்துவர்களின் வேலைநேரம் பெரிய சர்ச்சையானது. அந்த மாநிலம் 1989-ல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003-ல் அது அமெரிக்கா முழுக்க வந்தது.

இங்கே? மத்திய அரசு 1992-லேயே வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உத்தரவு போட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்தது 74 மணி நேரம். 32 வருஷத்தில் எண் குறையவில்லை, ஏறியிருக்கிறது!

காகிதத்தில் இருப்பது வார்டுக்கு வராததற்கு முதல் காரணம் ஆள் பற்றாக்குறை. இரண்டாவது காரணத்தை நாம் பேசுவதே இல்லை. அந்தச் சீஃபும் களைத்துப் போனவர்தான். ஓ.பி., அறுவை சிகிச்சை, வகுப்பு, தேர்வு, இன்ஸ்பெக்‌ஷன், தீசிஸ் திருத்தம்... "சாப்பிட்டீங்களா சார்?" என்று அவரைக் கேட்க யாருமில்லை. தனக்குக் கிடைக்காத ஓய்வை அடுத்தவருக்குக் கொடுக்க எப்படி மனசு வரும்?

அதனால்தான் சொல்கிறேன், நைட் டூட்டி முடித்தவனைப் பிடித்து ஒரு மணி நேரம் யோகா செய்ய வைப்பது தீர்வல்ல. பணியிடங்களை நிரப்புங்கள். மாணவருடைய மணிக்கணக்கோடு ஆசிரியருடையதையும் எழுதுங்கள்.

நண்பர்களே, இன்னும் சில வருஷங்களில் நாமும் சீஃப் ஆவோம். அன்று கண் சொருக நிற்கும் ஒருவனிடம் என்ன சொல்லப் போகிறோம்? அதே பழைய வசனமா, இல்லை "போய்த் தூங்குப்பா, நான் பாத்துக்கறேன்" என்றா?