கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்!

போன மாதம் அம்மாவின் 80-வது பிறந்தநாள். மொட்டை மாடியில் பந்தி. மாடிக்குப் போக வீட்டுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு. போட்டு ஆறு வருஷம்தான் ஆகிறது. மேல்படியை ஒட்டிய மேடையில் நின்று செல்ஃபி எடுக்க, என் மச்சான் கைப்பிடியில் லேசாகச் சாய்ந்தார். தூண் ‘டக்’கென்று வெளிப்பக்கம் சரிந்தது. பின்னால் நின்ற என் மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால், நினைக்கவே உடம்பு நடுங்குகிறது.

மறுநாள் வேறொரு வெல்டிங்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூணின் அடியைச் சுரண்டிப் பார்த்தவர், “சார், சுத்தி வரப் பத்த வைக்கவே இல்ல. ரெண்டு பொட்டு வச்சு, பட்டி பூசி, பெயின்ட் அடிச்சிருக்காங்க” என்றார். பெயின்ட் பளபளவென்று இருந்ததால், இத்தனை வருஷம் நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கைப்பிடித் தூண் என்பது கடப்பாரை மாதிரி. மேலே தள்ளுவது கொஞ்சம்தான். அடியில் நெம்புவது பல மடங்கு. அமெரிக்க வேலைத்தளப் பாதுகாப்பு விதியில், 42 அங்குல உயரத் தடுப்பின் மேல்கம்பி 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ தள்ளலைத் தாங்க வேண்டும். அந்தத் தூணை அடியில் 4 அங்குல இடைவெளியில் இரண்டு போல்ட்டு போட்டு நிறுத்தினால், மேல் போல்ட்டைப் பிடுங்கும் விசை 900 கிலோவைத் தாண்டும்! இரண்டு பொட்டு வெல்டிங் எந்த மூலைக்கு?

வெல்டிங்கை மட்டும் கெட்டியாக வைத்தாலும் போதாதாம். எங்கள் மேடையின் ஓரத்தில் இருப்பது ‘ப’ வடிவ சேனல். அதன் மேல் விளிம்பில் தூணை நட்டால், தூண் உடையாது, சேனலே முறுக்கிக்கொள்ளும். அதனால் தூண்களைக் கழற்றி, சேனலின் தட்டையான முதுகுப் பக்கம் இறக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக போல்ட்டு போட்டார். மேடையின் குறுக்குச் சட்டம் சேனலோடு சேரும் இடமாகப் பார்த்துத்தான் ஒவ்வொரு தூணும். அப்படி அமையாத ஒரே இடத்தில், சேனலின் உட்புறம் ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தார். போல்ட்டுகளுக்கு இடைவெளி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்பதையும் அவர்தான் சொன்னார்.

குழாய்த் தூணாக இருந்தால் இன்னொரு வம்பு. உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல், அடியில் உள்ளிருந்தே துரு அரிக்கும். மேலே மூடி, அடியில் சின்ன ஓட்டை, இரண்டும் வேண்டும். எவர்சில்வர் கைப்பிடியைச் சாதா இரும்பில் பற்றவைத்தவர்கள், அந்த ஒட்டு இடத்தை மழைக்காலம் முடிந்ததும் அவசியம் பாருங்கள். ஈரம் பட்டால் இரும்புப் பக்கம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் நீங்களே சோதிக்கலாம். மேடையின் உட்பக்கம் காலை ஊன்றி நின்று, உடம்பைச் சாய்க்காமல், கையால் மட்டும் தூணை உங்கள் பக்கம் இழுத்து ஆட்டுங்கள். வெளியே தள்ளிப் பார்க்க வேண்டாம்! ஆடினால், அடியில் பெயின்ட் வெடித்திருந்தால், செம்பழுப்புக் கறை வழிந்திருந்தால் அந்தப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். சரிசெய்யும் வரை கயிறு கட்டி அடைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு வேலை இரண்டு நாளில் முடிந்தது. மச்சான் வந்து பார்த்தார். படியேறினார், ஆனால் சுவர்ப் பக்கமாகவே!