போகும் ஊர்தான் பையைத் தீர்மானிக்க வேண்டும்

கேமராவுக்கும் லென்ஸுக்கும் லட்சங்களைச் செலவழிப்பவர்கள்கூட, அவற்றைச் சுமக்கும் பைக்கும் தாங்கும் ட்ரைபாடுக்கும் வரும்போது கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். கேமராவோடு இலவசமாக வந்த பை, இணையத்தில் மலிவாகக் கிடைத்த ட்ரைபாட் என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். இன்னொரு தரப்பினர், வீட்டில் உள்ள எல்லா லென்ஸும் அடங்கும்படி பெரிய பையாகத் தேடி வாங்குகிறார்கள். இரு தரப்பும் செய்யும் பிழை ஒன்றே. கையில் இருக்கும் பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். போகும் இடத்தைப் பார்ப்பதில்லை.

ஒளிப்படம் கற்க வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “எந்த பிராண்டு வாங்கலாம்?” என்பதுதான். எந்த ஊருக்கு, யாரோடு, என்ன படம் எடுக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த மூன்றும் தெளிவானால் பிராண்டு தானாக அமையும்.

ஏழு கிலோ கணக்கு

முதல் சோதனை விமான நிலையத்திலேயே தொடங்குகிறது. சென்னையிலிருந்து புறப்படும் பல விமானங்களில் எகானமி வகுப்புக்குக் கைப்பை வரம்பு 7 கிலோ. இதை வீட்டிலேயே கணக்கிட்டுப் பாருங்கள். நல்ல முதுகுப்பை ஒன்று காலியாகவே 1.8 கிலோ இருக்கும். சோனி ஏ7 IV கேமரா பேட்டரியோடு 658 கிராம். அதே நிறுவனத்தின் 24-70 எஃப்2.8 இரண்டாம் தலைமுறை லென்ஸ் 695 கிராம்; 70-200 எஃப்2.8 இரண்டாம் தலைமுறை லென்ஸ் 1,045 கிராம். மடிக்கணினியும் அதன் சார்ஜரும் 1.6 கிலோ. பேட்டரிகள், பவர் பேங்க், கார்டுகள், வயர்கள் 700 கிராம். மொத்தம் ஆறரை கிலோ ஆகிவிட்டது. இதில் ஒன்றரை கிலோ ட்ரைபாடைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டி எட்டு கிலோவில் நிற்கும்.

எடை கூடினால் வாயிலில் பையை வாங்கி, சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உங்கள் லென்ஸின் பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை. எனவே, பை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதன் காலி எடையை. சக்கரம் வைத்த கேமரா பெட்டிகள் பல, காலியாகவே நான்கு கிலோவைத் தொடும். சொந்த வாகனத்தில் போகிறவர்களுக்கு அவை சரி. ஏழு கிலோ பயணிக்கு உதவாது.

இன்னொரு கண்டிப்பான விதி, மாற்று லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்பது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. கேமரா பேட்டரி பெரும்பாலும் 20 வாட்-மணிக்குள்ளேயே இருக்கும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பற்றிய பிறகு, பவர் பேங்க் விதிகளைப் பல நிறுவனங்கள் இறுக்கியிருக்கின்றன. வாயிலில் பையைக் கேட்டால், பேட்டரிகளை உடனே வெளியே எடுக்கும்படி தனி உறையில் போட்டு மேலாக வையுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடியிருப்பது அவசியம்.

எப்படிப்பட்ட பை?

‘பிலடெல்பியா இன்குவயரர்’ நாளிதழின் ஒளிப்படக்காரர் ஜிம் டாம்கி 1970-களில் தன் வேலைக்காக ஒரு துணிப்பையை வடிவமைத்தார். கடினமான பெட்டிகள் புழங்கிய காலத்தில், உடம்போடு ஒட்டிக்கிடக்கும் எளிய கான்வாஸ் பை அது. கை போனதும் லென்ஸ் வர வேண்டும் என்ற அவருடைய தேவை இன்றும் மாறவில்லை. தெருவில் நடந்து படமெடுப்பவருக்கு ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் கொள்ளும் தோள்பை போதும். நாள் முழுக்க மலையேறுபவருக்கும் தண்ணீர், ஸ்வெட்டர், மழைக்கோட்டு சுமப்பவருக்கும் இடுப்புப் பட்டை உள்ள 20 முதல் 25 லிட்டர் முதுகுப்பை வேண்டும். அந்த இடுப்புப் பட்டை அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. சுமையைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்குவது அதுதான்.

ரோம், பார்சிலோனா, பாரிஸ் மெட்ரோக்களில் பிக்பாக்கெட் தொல்லை அதிகம். வெளிப்பக்கம் ஜிப் திறக்கும் பை அங்கே ஆபத்து. கூட்டத்தில் பின்னால் நிற்பவர் அரை அடி ஜிப்பை இழுத்துக் கையை உள்ளே விடுவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கம் திறக்கும் பையானால், கழற்றாமல் யாராலும் திறக்க முடியாது. கேமரா பிராண்டின் பெயர் பெரிதாகப் பொறித்த பட்டையையும் பையையும் தவிர்த்துவிடுங்கள். சாதாரணக் கல்லூரிப் பை போலத் தோன்றும் சாம்பல் நிறப் பையே பாதுகாப்பு.

பைக்கு இன்னொரு வேலையும் உண்டு. நார்வேயின் குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்ததும் கேமராவை வெளியே எடுத்தால், கண்ணாடியிலும் உள்ளேயும் ஈரம் பூக்கும். சிங்கப்பூரில் ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போதும் இதேதான். ஜிப்பை மூடியபடியே பையை அரை மணி நேரம் விட்டுவைத்தால் கேமரா மெல்ல வெளி வெப்பத்துக்கு வந்துவிடும்.

ட்ரைபாட் உண்மையிலேயே வேண்டுமா?

மாமல்லபுரம் போனவர்களுக்குத் தெரியும், இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். வெளிநாடுகளிலும் இந்தக் கெடுபிடி பரவலாக இருக்கிறது. கியோத்தோவின் கின்ககுஜி, கியோமிஸு ஆலயங்களில் ட்ரைபாடுக்குத் தடை. வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்குள் அனுமதியில்லை. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் பார்வைத் தளத்திலும் கூடாது. ஆனால், அதே நகரின் நடைபாதையில் யாருக்கும் இடைஞ்சலின்றி ட்ரைபாட் வைத்துப் படமெடுக்க அனுமதிச்சீட்டு தேவையில்லை. பெருவின் மச்சு பிச்சுவில் ட்ரைபாடுக்குத் தடை இருப்பதோடு, 40×35×20 செ.மீ.க்கு மேற்பட்ட பையையும் உள்ளே விடமாட்டார்கள். போகப்போகும் இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் விதியையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, எடுக்கப்போகும் படத்தில் இருக்கிறது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களின் அதிர்வுத் தடுப்பு, அகல லென்ஸில் அரை நொடி வரையிலும்கூடக் கைப்பிடியில் எடுக்க உதவுகிறது. மாலை நேரக் கட்டிடங்கள், கடைத்தெரு, இரவு உணவுச் சந்தை எல்லாம் இதில் அடங்கிவிடும். சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் குழுவாகப் போய், ஓரிடத்தில் இருபது நிமிடம் மட்டும் இறங்குபவர்களுக்கு ட்ரைபாடை விரிக்கவே நேரமிருக்காது. அவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

அருவியைப் பட்டுத்துணி போலப் பதிவுசெய்யவும், 20 மி.மீ. லென்ஸில் 15, 20 நொடி திறந்து நட்சத்திரங்களைப் பிடிக்கவும், ஐஸ்லாந்தில் துருவ ஒளியைப் படமெடுக்கவும் போகிறவர்களுக்கு ட்ரைபாட் தவிர்க்க முடியாதது. அவர்கள் நல்லதையே வாங்க வேண்டும். காற்றில் ஆடும் ட்ரைபாட் கைநடுக்கத்தைவிட மோசம். படம் சரியாக இருப்பதுபோலச் சிறு திரையில் ஏமாற்றி, ஊர் திரும்பிய பின்புதான் குட்டு வெளிப்படும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் கேமராவையும், உங்களிடம் உள்ள மிக நீளமான லென்ஸையும் கடைக்கு எடுத்துச்செல்லுங்கள். கால்களை முழுதாக நீட்டி, நடுத் தண்டை உயர்த்தாமல் கேமராவைப் பொருத்துங்கள். எதிர்ச் சாரியில் உள்ள பெயர்ப்பலகையைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, லென்ஸை விரலால் லேசாகத் தட்டுங்கள். எழுத்துகள் எத்தனை நொடியில் ஆடி அடங்குகின்றன என்று பாருங்கள். ஒன்றிரண்டு நொடியில் நின்றால் வாங்கலாம். ஆடிக்கொண்டே இருந்தால், பெட்டியில் எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருந்தாலும் வேண்டாம்.

நடுத் தண்டை உயர்த்தாமலே கேமரா உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஐந்து மடிப்பைவிட நான்கு மடிப்புக் கால் உறுதியானது. ஐந்து மடிப்பில் கடைசிக் கால் குச்சியாகிவிடும். மடித்தால் 40 முதல் 45 செ.மீ. இருப்பது பயணத்துக்குப் பொருத்தம். கார்பன் ஃபைபர் கால்களை கிட்ஸோ நிறுவனம் 1994-ல் கொண்டுவந்தது. அலுமினியத்தைவிட எடை குறைவு. கடுங்குளிரில் கையைச் சுடாது. விலை மட்டும் கூடுதல். பனி நாடுகளுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அந்த விலை தகும். மற்றவர்களுக்கு நல்ல அலுமினியமே போதும்.

கேமராவின் அடியில் மாட்டும் பிளேட் ‘ஆர்கா’ வகையாக இருக்கட்டும்; பல நிறுவனங்களின் ட்ரைபாட் ஹெட்டுகளிலும் பொருந்தும். மாற்றுப் பிளேட் ஒன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு துண்டு தொலைந்தால் முழு ட்ரைபாடும் வெறும் சுமைதான்.

விமானத்தில் ட்ரைபாடைக் கைப்பையோடு அனுமதிப்பது பாதுகாப்பு அலுவலரின் முடிவு. அதை நம்பிப் போகாமல், ஹெட்டைக் கழற்றித் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். கடற்கரையில் பயன்படுத்தினால் அன்றிரவே கால்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பும் மணலும் பூட்டுகளைத் தின்றுவிடும்.

விலை உயர்ந்த கருவிகளோடு புறப்படுபவர்கள், விமான நிலையச் சுங்கப் பிரிவில் வரிசை எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பும்போது, அவை வெளிநாட்டில் வாங்கியவை அல்ல என்று நிரூபிக்க அது உதவும்.

பை சிறியதாக இருக்கட்டும். ட்ரைபாட் தேவைப்பட்டால் மட்டும் வரட்டும். வந்தால் உறுதியானதாக இருக்கட்டும். போன இடத்தில் தடைப் பலகை இருந்தால் மதியுங்கள். வழிபட வருபவர்களின் பாதையிலும் குறுகிய சந்திலும் கால்களை விரிக்காதீர்கள். ஒருவர் செய்யும் இடைஞ்சலால்தான் அடுத்து வரும் அத்தனை ஒளிப்படக்காரர்களுக்கும் கதவு மூடப்படுகிறது.

- கட்டுரையாளர், பயண ஒளிப்படக் கலைஞர்