பக்கத்து வீட்டுக் கூண்டையும் கொஞ்சம் பாருங்கள்

பருத்திப்பட்டு, கோவர்த்தனகிரி, ஆவடி சுற்றுவட்டார மக்கள் எல்லோருக்கும்,

கத்திரி வெயில் தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. நம் தெருக்களில் எத்தனையோ வீட்டு பால்கனிகளிலும் மொட்டை மாடிகளிலும் மாடிப்படித் திருப்பங்களிலும் கினிபிக் கூண்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை வீட்டார் பாசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சில கூண்டுகளை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சில கூண்டுகளுக்காகத்தான் இந்த வேண்டுகோள். அவை நம்முடையவை அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையவை. “அடுத்தவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு” என்று கடந்துபோகிறோம். அப்படிக் கடந்துபோக வேண்டாம் என்று கேட்கிறோம்.

நாய் பட்டினி கிடந்தால் தெருவுக்கே கேட்கும். பூனை என்றால் நாலு வீடு தள்ளிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். கினிபிக் கூண்டை விட்டு எங்கும் போக முடியாது. பசிக்கும்போது ‘வீக் வீக்’ என்று கத்தும். பிளாஸ்டிக் பை சலசலத்தால், ஃபிரிட்ஜ் கதவு திறந்தால், கீரை வருகிறது என்று நினைத்துக் கத்தும். நாளாக நாளாக யாரும் வராவிட்டால் அந்தக் கத்தலும் குறைந்துவிடும். உடம்பு சரியில்லை என்றால் வெளியே காட்டிக்கொள்ளாது. பிற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி என்பதால், நோயை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. மூலையில் சுருண்டு உட்கார்ந்து அது சாப்பிடாமல் இருப்பது நம் கண்ணில் படும்போது நிலைமை முற்றியிருக்கும்.

நாங்கள் பார்த்த ஒரு கூண்டைப் பற்றிச் சொல்கிறோம். கிளி வளர்க்கிற பச்சை பெயின்ட் அடித்த கூண்டு. அடியில் வெறும் கம்பித் தரை. சிறுநீர் காய்ந்து கம்பிகளில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர் புட்டியில் பாசி, குழாய் முனையில் இருக்கும் குண்டு இறுகிப்போய்ச் சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. கிண்ணத்தில் நமுத்த பிஸ்கட். கினிபிக்கின் நகம் கொக்கியாக வளைந்து, பாதத்தின் அடிப்பகுதி சிவந்து வீங்கியிருந்தது. கம்பி மேலேயே நின்று நின்று வருகிற புண் அது.

அந்த வீட்டில் இருப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. ஆறாவது படித்த மகன் அடம்பிடித்துக் கேட்டதால் வாங்கித் தந்தார்கள். அவன் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. அம்மா, படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாவின் ஒரு நாளில் கினிபிக்குக்கு நேரமே இல்லை. நம்மில் எத்தனை வீடுகளில் நேரம் இருக்கிறது?

கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் தோழி ஒருவர் அந்த அம்மாவிடம் குறை எதுவும் சொல்லவில்லை. “அக்கா, எங்க வீட்ல கொத்தமல்லிக் காம்பு நிறைய மிஞ்சுது. உங்க கினிபிக்குக்குக் கொடுக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம், “கூண்டை நான் கழுவித் தரட்டுமா, உங்களுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கு” என்றார். அதற்கு அடுத்து, கம்பித் தரை மேல் பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டார். கடைசியில் அந்த அம்மாவே, “நீங்களே வெச்சுக்கிறீங்களா? என் பையன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். பையனும் போனில் பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் கூண்டு கீழே இறங்கியது. விடுமுறைக்கு வரும்போது அவன் வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.

எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. வேறொரு வீட்டில் எங்களைப் பேசவே விடவில்லை. அந்தக் கூண்டு இன்றும் தகரக் கூரைக்கு அடியில்தான் இருக்கிறது. எந்தத் தெரு என்று சொல்லப்போவதில்லை. அந்த வீட்டார் இதைப் படிக்கக்கூடும். படித்தால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. கூண்டை நிழலுக்கு நகர்த்துங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சட்டம் இருக்கிறதே, போலீசில் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் இருக்கிறது, அதிலும் நம் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1952 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல்தான் விலங்கு வதைக்கு எதிரான மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962 இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம் நீண்ட காலம் சென்னையில் இருந்தே இயங்கியது. அதன் முதல் தலைவரும் ருக்மிணி தேவியே. இந்திய புளூ கிராஸ் அமைப்பும் 1959 இல் இங்கேதான் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் நிழலும் தராமல் இருப்பது குற்றம். பட்டினியால் வாடும்படி கைவிடுவதும் குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். பட்டினி போடுவதும் சிறிய கூண்டில் அடைப்பதும், பிடியாணை இல்லாமல் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலிலும் இல்லை. அடித்து ஊனமாக்குவது, கொல்வது போன்ற கொடுமை நடந்தால் தயங்காமல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழுள்ள உங்கள் பகுதி நிலையத்துக்குப் போங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கினிபிக்குக்கு, சட்டத்தின் கை வந்து சேர்வதற்குள் சித்திரை முடிந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கினிபிக்குக்கு இந்த நாட்டில் ஒரு மேற்பார்வைக் குழு இருக்கிறது, கூண்டின் அளவுக்கு வழிகாட்டு நெறி இருக்கிறது. கடையில் விற்பனைக்கு இருக்கும் கினிபிக்குக்கு 2018 ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் இருக்கின்றன. விற்றுப்போய் ஒரு வீட்டு மாடிக்கு வந்தபின் அதை யாரும் வந்து பார்ப்பதில்லை. அங்கே அதற்கு இருப்பவர்கள் வீட்டாரும், அக்கம்பக்கத்தாராகிய நாமும்தான்.

அதற்காக ராத்திரியில் சுவர் ஏறிக் குதித்துக் கூண்டைத் தூக்கி வந்துவிடாதீர்கள். இளைஞர்கள் சிலர் அந்த ஆர்வத்தில் இருக்கிறார்கள், அவர்கள் மனம் எங்களுக்குப் புரிகிறது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் எடுத்தால் அது திருட்டு வழக்காகும். அந்த வீட்டில் இருக்கும் குழந்தை மனம் உடைந்துபோகும். வீட்டார் அடுத்த வாரமே வேறொரு கினிபிக்கை வாங்கிவந்து அதே கூண்டில் வைப்பார்கள். வீடியோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம். அவமானப்பட்டவர் கதவைச் சாத்திக்கொள்வார், கூண்டும் உள்ளே போய்விடும். பிறகு யாராலும் உதவ முடியாது.

கேட்டு, சம்மதம் வாங்கி, உதவுங்கள். அதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வெயில். கினிபிக்கின் ஆதி ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கும். நம் மே மாதம் நாற்பதைத் தொடும். கூண்டைத் தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாசுக்கும் அடியிலிருந்து வீட்டுக்குள், தரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரிய மண்சட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே வைத்தால் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒளிய இடமும் ஆயிற்று, குளிர்ச்சியும் ஆயிற்று. தண்ணீரை ஐஸாக உறையவைத்த பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். நீட்டிப் படுத்து, எச்சில் வடிய, வேகமாக மூச்சு வாங்கினால் அது வெப்பத் தாக்கு. ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது சாப்பாடு. கினிபிக்கின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்று தேய்த்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் பல் நீண்டு வாயைத் திறக்கவே முடியாமல் போகும். ஆகவே புல்தான் பிரதான உணவு. பிள்ளையாருக்கு விற்கிற அருகம்புல்லே போதும், நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். நம் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் அறுத்து வர வேண்டாம், அங்கே கழிவு நீரும் நாய் மூத்திரமும் படுகிறது. வைக்கோல் படுக்கைக்கு ஆகும், அதை மட்டும் தின்று உயிர் வாழ முடியாது.

பலருக்கும் தெரியாதது வைட்டமின் சி. மனித உடம்பைப் போலவே கினிபிக்கின் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது. தினமும் உணவில் கிடைத்தாக வேண்டும். சில வாரங்கள் கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், ஈறு கெடும், நடக்க மறுக்கும். சோம்பேறியாகிவிட்டது என்று வீட்டார் நினைக்கிற கினிபிக் பல நேரம் வலியில் இருக்கும் கினிபிக்தான். குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லி, சிறு துண்டு கொய்யா அல்லது நெல்லிக்காய் போதும். நம் சமையலறையில் மிஞ்சுவதே ஒரு உயிரைக் காப்பாற்றும். சோறு, ரொட்டி, பிஸ்கட், பால், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது. முயலுக்கு விற்கும் தீவனத்தில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் குடல் இயக்கமே நின்றுபோகும். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று விடாதீர்கள். வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் அதன் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். காற்றுப் போகிற கூடையில் துணி விரித்து, வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, துணை. கினிபிக் கூட்டமாக வாழும் பிராணி. ஸ்விட்சர்லாந்தில் 2008 ஆம் ஆண்டின் விதிப்படி கினிபிக்கைத் தனியாக வளர்க்கவே கூடாது. ஆனால் துணை வேண்டும் என்று ஆணும் பெண்ணுமாக ‘ஜோடி’ வாங்கி விடுவதில்தான் நம் ஊரில் பாதித் தொல்லை தொடங்குகிறது. பிறந்து ஒரு மாதம் ஆனதுமே பெண் குட்டி சினையாகக்கூடும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகும். இரண்டு பத்தாகும். பத்தைச் சமாளிக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது: பசுமையாக இருக்கிறதே, புல் இருக்கிறதே என்று நம் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அங்கே நாயும் பூனையும் காகமும் பருந்தும் இருக்கின்றன. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த கினிபிக்குக்கு வளை தோண்டவும் தெரியாது, வேகமாக ஓடவும் தெரியாது. ஒரு பகல் தாண்டுவதே அபூர்வம். தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள். யாராவது விடுவதைப் பார்த்தால், சண்டை போடாமல் அவரிடமிருந்து கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்க நாங்கள் உதவுகிறோம்.

கடைக்குப் போகும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பிறந்த நாள் பரிசாக வாங்குவதற்கு முன், இது ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும் பிராணி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதும்போதும் அந்தக் கூண்டைக் கழுவ ஒருவர் வேண்டும்.

எங்களிடம் கழுவிக் காயவைத்த பெரிய கூண்டுகள் சில இருக்கின்றன, யாருக்கு வேண்டுமானாலும் இரவலாகத் தருகிறோம். நகம் வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வேப்பேரிக்குக் கூட வர ஓய்வுபெற்றவர்கள் இருவர் தயாராக இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கினிபிக்கை எங்களிடம் விட்டுச் செல்லலாம், பணம் வேண்டாம். இனி வளர்க்க முடியாது என்று நினைப்பவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள், ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டோம். காலையில் ஏரிப் பூங்காவில் நடக்க வருகிறவர்களிடம் விசாரித்தால் எங்களைக் காட்டுவார்கள். உங்கள் தெருவில் வெயிலில் இருக்கும் கூண்டு எது என்று தெரிந்தால், அக்கினி நட்சத்திரம் பிறப்பதற்கு முன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எங்களில் ஒருவர் உடன் வருவார்.

இப்படிக்கு,
பருத்திப்பட்டில் குடியிருக்கும் சிலர்