திரையில் வருவதெல்லாம் ஆதாரமா?

என் மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். சென்ற மாதம் தமிழ் அச்சுக்கலை பற்றிக் கட்டுரை எழுதும்போது, "அம்மா, முதல் தமிழ்ப் புத்தகம் 1554-ல் லிஸ்பன்ல அச்சாச்சுன்னு ஒரு தளம் சொல்லுது, 1578-ல் கொல்லத்துலன்னு இன்னொண்ணு சொல்லுது. எதை எழுதறது?" என்று கேட்டாள்.

எனக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்த ஒரு செய்தியைக் காட்டி, "1578-தான், எழுதிடு" என்றேன்.

"இதை யாரும்மா எழுதினது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து, அடிக்குறிப்புள்ள கட்டுரைகளாகத் தேடிப் படித்தோம். இரண்டு ஆண்டுகளுமே சரி! லிஸ்பன் நூலில் தமிழ், ரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தது. ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வந்தது. இரு தளங்களும் பாதி விஷயத்தைச் சொல்லி நிறுத்தியிருந்தன.

நாங்கள் படித்த காலத்தில் நூலகர் நல்ல நூலை எடுத்துக் கொடுப்பார். இன்று சலித்தெடுக்கும் வேலை நம்முடையது. எழுதியவர் யார், எதை ஆதாரம் காட்டுகிறார், அந்த ஆதாரத்தை நாமே பார்க்க முடியுமா என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, இல்லாத நூலுக்கும் தலைப்பும் பக்க எண்ணும் தந்துவிடுகின்றன. ஆகவே நூலைக் கண்ணால் பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

நல்ல இடங்களுக்குக் குறைவில்லை. பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு 'ஷோத்கங்கா', பொதுவான நூல்களுக்குக் கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம், பழந்தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் எனப் பல உண்டு. காசு கொடுக்காமலே படிக்கலாம். தமிழ்நாட்டு நூலகங்களுக்குப் போக முடியாத நமக்கு இது பெரிய வரம்.

ஆனால் ஒன்று மனத்தை உறுத்தியது. மின்னூலகத்தில் ஒரு பழைய நூலைத் திறந்தபோது என் மகளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. நான் வாசிக்க, அவள் குறிப்பெடுத்தாள். நான் அருகில் இல்லாத நாளில், யாரோ ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கத்தைத்தானே அவள் நம்ப வேண்டும்?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை, "டியூஷன் இருக்கு" என்று தட்டிக் கழிக்கும் பெற்றோரில் நானும் ஒருத்தியாக இருந்தேன். அன்பர்களே, அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். மூல நூல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதைப் படிக்கும் கண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும்.