வண்டி நிறுத்துமிடக் கேமராவுக்கும் வரம்பு வேண்டும்



எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பைக்குகளிலிருந்து பெட்ரோல் திருடு போனதால், வண்டி நிறுத்துமிடத்தில் கண்காணிப்பு கேமரா வைத்தோம். நானும் ஆதரித்தவள்தான். திருட்டு நின்றது. ஆனால் சென்ற மாதம், இரவுப் பணி முடிந்து வந்த பெண்ணை யார் இறக்கிவிட்டார்கள் என்பதைக் காட்டும் அந்தக் கேமராப் பதிவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. இன்று அவள் யார் முகத்தையும் பார்க்காமல் லிஃப்ட் ஏறுகிறாள். தவறு செய்தவள் அவளல்ல.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அது வழிசெய்கிறது. தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் குடியிருப்போர் சங்கங்கள் அந்த விலக்கில் ஒளிந்துகொள்ள முடியாது.

கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை. அது இருப்பதையும், எதற்காக என்பதையும் சங்கம் தமிழில் பலகையில் எழுதி வைக்கட்டும். கோணம் வண்டிகளை நோக்கி இருக்கட்டும்; வீட்டு வாசல்களை நோக்கி வேண்டாம். பதிவைப் பார்க்க இருவருக்கு மட்டும் அனுமதி கொடுத்து, பார்த்த நாளையும் காரணத்தையும் பதிவேட்டில் குறிக்கட்டும். தேவை முடிந்ததும் அழிக்கட்டும். காவல்துறை கேட்டால் கோரிக்கையை எழுத்துமூலம் பெற்றுக்கொண்டு கொடுக்கட்டும்.

வண்டியைக் காக்க வைத்த கண், மனிதரை வேவு பார்க்கக் கூடாது.

– ஒரு வாசகி, சென்னை