முகவரிப் பட்டியலில் பிழையா?



பத்தமடையிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார். கோரைப்பாய் நெசவு அவருடைய குடும்பத் தொழில். மணமக்களின் பெயர்களை நெய்து தரும் நிக்காஹ் பாய்களை மொத்த வியாபாரி சொன்ன விலைக்கே விற்று வந்தவர்கள், வாங்குவோரை நேரடியாக அடையும் நோக்கத்துடன் ஒரு சிறு வலைத்தளம் தொடங்கினார்கள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த மருமகன் அதனை அமைத்துக் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், ஆர்டர்களும் வந்தன. பின்னர் கட்டணம் குறைவு என்பதற்காகத் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினார்கள். அத்தோடு ஆர்டர்கள் நின்றுவிட்டன. கூகிள் சர்ச் கன்சோலில் பார்த்தால், ‘சைட்மேப்பைக் கொண்டுவர இயலவில்லை’ என்னும் பொருளில் சிவப்பு எழுத்து தெரிகிறதாம். அதைச் சரிசெய்து தர ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறாராம். கொடுக்கலாமா என்பது சகோதரியின் வினா.

கொடுக்க வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன், சைட்மேப் என்பது யாது என அறிந்துகொள்வோம்.

திருமணத்திற்கு அழைப்புச் சொல்லச் செல்பவரிடம் மஹல்லாவின் வீட்டுப் பட்டியலைக் கொடுத்தனுப்புகிறோம் அல்லவா? அது போன்றதே இதுவும். ‘எங்கள் தளத்தில் இன்னின்ன பக்கங்கள் உள்ளன, வந்து பாருங்கள்’ எனத் தேடுபொறிக்கு நாம் தரும் முகவரிப் பட்டியல். கூகிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு இம்முறையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் இதனை ஏற்றுக்கொண்டன. ஒரு பட்டியலில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம். நாற்பது பக்கங்கள் கொண்ட பாய்க்கடைக்கு அந்த எல்லையைப் பற்றிய கவலையே இல்லை. இன்னும் சொல்லப்போனால், சுமார் 500 பக்கங்களுக்கு உட்பட்டு, முகப்பிலிருந்து எல்லாப் பக்கங்களுக்கும் இணைப்பு உள்ள தளத்திற்குச் சைட்மேப் தேவைப்படாமலே போகலாம் என்று கூகிளின் வழிகாட்டியே கூறுகிறது.

அப்படியானால், பட்டியலைக் கொண்டுவர இயலாததால் மட்டும் கடையே மறைந்துவிடுமா? மறையாது. ஏற்கெனவே தேடலில் இடம்பெற்ற பக்கங்கள், சைட்மேப் பழுதானதால் மட்டுமே நீக்கப்படுவதில்லை. எனவே சகோதரி காணும் சிவப்பு எழுத்து புகைதான்; நெருப்பு வேறிடத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணித் தளத்தைத் திறந்து பார்த்தோம். நெருப்பு அகப்பட்டது.

அத்தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறது. அதன் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரீடிங்’ என்னும் பிரிவின் கீழ், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு கட்டம் உண்டு. சர்வர் மாற்றும்போது, அரைகுறையாக நிற்கும் தளம் பிறர் கண்ணில் படலாகாது என்று அதில் குறியிடுவது வழக்கம். வேலை முடிந்தபின் குறியை எடுக்க மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது! அக்குறி இருக்கும்வரை ஒவ்வொரு பக்கமும் ‘என்னைச் சேர்க்காதே’ என்று தேடுபொறியிடம் சொல்லிக்கொண்டிருக்கும். அத்துடன், 2020ஆம் ஆண்டு வெளியான 5.5ஆம் பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் தானே தயாரித்துத் தரும் சைட்மேப்பும் மறைந்துபோகும். சகோதரியின் இரு துன்பங்களுக்கும் காரணம் இந்த ஒரே குறி. குறியை நீக்கிச் சேமித்தால் போதும். அரை நிமிட வேலை. எட்டாயிரம் ரூபாய் வேலையன்று.

இதே சிவப்பு எழுத்து பிற வீடுகளில் வேறு காரணங்களாலும் தோன்றலாம். முதலில் செய்ய வேண்டியது, சைட்மேப்பின் முகவரியை உங்கள் செல்பேசியிலேயே தட்டித் திறந்து பார்ப்பது. உங்களுக்கே திறக்கவில்லையெனில் கூகிளுக்கு எப்படித் திறக்கும்? பெரும்பாலும் கோப்பின் பெயர் மாறியிருக்கும். யோஸ்ட் போன்ற துணைநிரலை நிறுவினாலும் நீக்கினாலும் சைட்மேப்பின் பெயர் மாறிவிடும். கன்சோலிலோ பழைய பெயரே நிற்கும். பழையதை நீக்கிப் புதியதைச் சமர்ப்பித்துவிடுங்கள்.

பட்டியல் திறக்கிறது, ஆயினும் ‘இம்முகவரிக்கு அனுமதி இல்லை’ என்று வருகிறதா? கதவிலக்கத்தை ஒப்பிடுங்கள். தளம் எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கும்போது பட்டியலில் எஸ் இல்லாத பழைய முகவரி இருக்கலாம். ஓரிடத்தில் மூன்று டபிள்யூக்கள் இருந்து, மற்றோரிடத்தில் இல்லாமலும் போகலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே வீடு. கணினிக்கோ இரண்டு வீடுகள்.

பட்டியலைக் கையால் எழுதுவோர் மூன்று இடங்களில் இடறுவார்கள். முதல் வரிக்கு மேல் வெற்று வரி விடலாகாது. முகவரியில் & குறி வந்தால் அதனை அப்படியே விடாமல், அக்குறியைத் தொடர்ந்து ஏ, எம், பி என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் அரைப்புள்ளியையும் சேர்த்து எழுத வேண்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-07 என்பது போல் எழுத வேண்டும். நாளை முதலில் எழுதும் நம் பழக்கம் அங்குச் செல்லாது. (நிக்காஹ் அழைப்பிதழைப் போல் ஹிஜ்ரி தேதியைப் போட்டுவிடாதீர்கள்!) பக்கம் உண்மையில் திருத்தப்பட்ட நாளையே குறிப்பிடுங்கள். நாள்தோறும் தேதியை மட்டும் மாற்றி ஏமாற்ற முயன்றால், கூகிள் அத்தளத்தின் தேதிகளையே பொருட்படுத்தாது.

ஒரு பாதுகாப்புச் செய்தியும் உண்டு. உதவி செய்வதாக வருபவரிடம் உங்கள் கூகிள் கணக்கின் கடவுச்சொல்லை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அக்கடவுச்சொல் குடும்பப் படங்களுக்கும் கடிதங்களுக்கும் சேர்த்தே திறவுகோல். சர்ச் கன்சோலிலேயே அவருடைய மின்னஞ்சலைப் பயனாளராகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். உரிமையாளர் தகுதியை மட்டும் தந்துவிடாதீர்கள். சர்ச் கன்சோலுக்குக் கட்டணம் ஏதும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிழையைத் திருத்திய பின் சைட்மேப்பை மீண்டும் சமர்ப்பியுங்கள். முகப்பு, நிக்காஹ் பாய் போன்ற முக்கியப் பக்கங்களின் முகவரியைக் கன்சோலின் மேற்பகுதியிலுள்ள கட்டத்தில் இட்டு, தேடலில் சேர்க்கும்படி தனியே விண்ணப்பிக்கவும் செய்யலாம். தேடுபொறி திரும்பவும் வந்து பார்ப்பதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். பணம் பெற்றுக்கொள்பவராலும் அதை விரைவுபடுத்த முடியாது.

ஷவ்வால் பிறந்ததும் நம் ஊர்களில் திருமணங்கள் வரிசையாக வரும். பெயர் நெய்த பாய்க்கு நெசவு நாட்களும் வேண்டும். ஆகவே பத்தமடைச் சகோதரி ரமழானுக்குக் காத்திராமல், இவ்விதழ் கைக்கு வந்த அன்றே அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கட்டும்.